நாலாம் டேங்கின் தேதி

என் அண்ணியின் கணக்கு தவறு என்று கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் கையில் பேனா இருந்தது, அவ்வளவுதான். தெர்மாமீட்டர் இருந்தது அண்ணியின் கையில். என்றைக்காவது யாராவது அந்தக் கோப்பைத் தூசி தட்டி எடுத்துப் படிப்பார்கள். படித்துவிட்டு, யாரோ ஒரு பெண்பிள்ளை புத்தி கெட்டுப்போய்ப் பூட்டை அறுத்திருக்கிறாள் என்று உச்சுக் கொட்டுவார்கள். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி ஒருவனாவது சொல்லிவிட வேண்டும். எனக்கு நயமாகச் சொல்ல வராது. வயிறு எரிகிறவனிடம் நயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. அந்த ரசாயனத் தொழிற்சாலையின் லேபில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். குள்ளமான உருவம், கனத்த கண்ணாடி. யார் எது கேட்டாலும் முதல் பதில் சிடுசிடுப்பாகத்தான் வரும். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால்கூட "ஏன், என்ன வேணும்?" என்பார். அண்ணன் நேர்மாறு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ரோட்டில் குறுக்கே வரும் ஆட்டைக்கூட ஹார்ன் அடித்து நோகடிக்க மாட்டார். இவர்களுக்கு ஒரே மகள். குடியிருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸின் கடைசி வீட்டில். அண்ணியின் பெயருக்குக் கொடுத்த வீடு. அடுப்படிச் சுவரைத் தாண்டினால் தொழிற்சாலை மதில், மதிலைத் தாண்டினால் நாலாம் டேங்க். நாற்பது அடி எடுத்து வைத்தால் போய்விடலாம். அந்த வரிசையில் மொத்தம் பதினாலு வீடுகள்.

நான் அதே தொழிற்சாலையில் டேங்க் ஆபரேட்டராக இருந்தேன். எந்த வால்வு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதெல்லாம் என் பொறுப்பு. தனிக்கட்டை. டவுனில் ஓர் அறையில் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணி வீட்டில் சாப்பாடு.

நாலாம் டேங்கில் இருந்ததை நாங்கள் ஆசிட் என்போம். பெயிண்டிலும் பசையிலும் குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரிலும் சேர்கிற சரக்கு. பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும், நெடி மூக்கைத் துளைக்கும். அதற்கு ஒரு கெட்ட குணம். சும்மா வைத்திருந்தால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டும்போது சூடு கிளம்பும். சூடு கிளம்பினால் இன்னும் வேகமாக ஒட்டும். அப்படியே விட்டால் ஒருநாள் டேங்கின் மூடி வானத்துக்குப் போகும், சுற்றியிருக்கிறவர்களும் கூடவே போவார்கள். அதைத் தடுக்க அதில் ஒரு பொடியைத் துளியூண்டு கலந்திருக்கும். நாங்கள் அதை மருந்து என்போம். அந்த மருந்துக்கும் ஒரு பிடிவாதம் உண்டு, கூடக் காற்று இருந்தால்தான் வேலை செய்யும். அதனால் அந்த டேங்கை மட்டும் கழுத்து வரை நிரப்ப மாட்டோம், மேலே காற்று நிற்க இடம் விடுவோம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். பெரிய படிப்பு படித்தால் இது மறந்துபோகும் போலிருக்கிறது.

தினம் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், அண்ணி டேங்கின் இரும்புப் படியில் ஏறுவார். மேலே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, சங்கிலியில் கட்டிய பித்தளைக் குவளையை உள்ளே இறக்கி, மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் சூடு பார்ப்பார். பார்த்ததைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைப்பார். புள்ளிகள் போகிற போக்கைப் பார்த்து, இந்த ஆசிட் இன்னும் எத்தனை நாள் சாதுவாக இருக்கும் என்று சொல்லிவிடுவார். கன்ட்ரோல் ரூமில்தான் மீட்டர் இருக்கிறதே, இவர் எதற்குக் குவளையோடு ஏறி இறங்குகிறார் என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்த மீட்டர் அடியில இருக்கு. குளிர வச்ச ஆசிட் திரும்பி வர்ற குழாய்க்குப் பக்கத்துல. ஐஸ் பெட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு, ஊரெல்லாம் குளுகுளுன்னு இருக்குன்னு சொல்ற மாதிரிதான் அது சொல்றதும்" என்றார்.

தொழிற்சாலையில் அவருக்குத் தேதியக்கா என்று பெயர். அது ஏழு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது இரண்டாம் டேங்கில் இதே ஆசிட் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. அண்ணி புள்ளிகளைப் பார்த்து ஒரு தேதி சொன்னார். அப்போதிருந்த மேனேஜர் பயந்த சுபாவம், சொன்னதைக் கேட்டார். மருந்து கூடப் போட்டோம், காற்று விட்டோம், மூன்றே நாளில் சரக்கை லாரிகளில் ஏற்றி அனுப்பினோம். அவர் சொன்ன தேதி வந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து கேலி ஆரம்பித்துவிட்டது. "அக்கா, தேதி போயிடுச்சு, டேங்க் இங்கயே நிக்குது!" என்று ஒருவன். "என் கடன்காரன் எப்ப வருவான்னும் ஒரு தேதி பாத்துச் சொல்லிடுங்க" என்று இன்னொருவன்.

"குடை பிடிச்சுக்கிட்டுப் போனவன் நனையலைன்னா, மழையே பெய்யலைன்னு சொல்லுவியாடா?" என்று அண்ணி கத்தினார். அதற்கும் சிரித்தார்கள். நானும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு மேனேஜர் மாறினார். புதிதாக ஒரு சேஃப்டி ஆபீசரும் வந்தார். இவர்களுக்கு மரியாதை கொடுத்துத்தான் சொல்கிறேன், அது என் வளர்ப்பு. சேஃப்டி ஆபீசருக்கு இளவயது, தேய்த்த சட்டை, கையில் எப்போதும் ஒரு நோட்டு. கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் கெட்டவர் இல்லை. உண்மையாகவே எல்லோரையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர். வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை, அதில் தினமும் எண்ணை மாற்றுவது அவரே. வந்த மூன்றாம் மாதம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. காற்று இருந்தால்தான் தீப்பிடிக்கும், ஆகவே எல்லா டேங்குகளிலும் மேலே நிற்கும் காற்றை வெளியேற்றிவிட்டு நைட்ரஜனை நிரப்பிவிடலாம். மற்ற டேங்குகளுக்கு அது நல்ல யோசனை. நாலாம் டேங்குக்கு அது எமன். வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான்.

லேபை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அண்ணி அங்கே இல்லை. மகளுக்கு டைபாய்டு, பன்னிரண்டு நாள் லீவில் இருந்தார். ஹெட் ஆபீஸ் கையெழுத்தோடு ஆணை வந்தது. நாலாம் டேங்கின் நைட்ரஜன் வால்வைத் திறந்தது யார் தெரியுமா? நான். இந்தக் கையால். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், வந்துவிட்டேன். வால்வைப் பற்றிச் சொல்லவில்லை. மறைத்தேன் என்றுகூட இல்லை, அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பதினெட்டு வருடம் அந்த ஆசிட்டோடு குப்பை கொட்டியவன் நான்.

லீவு முடிந்து வந்த அன்று காலை ஆறு மணிக்கு அண்ணி குவளையோடு படியேறினார். சின்ன மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. நைட்ரஜன் வெளியே போய்விடக் கூடாது என்று சேஃப்டி ஆபீசர் போட்ட பூட்டு. பக்கத்திலேயே புதுப் பெயிண்ட் மணக்க ஒரு குழாய். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"என்னடா இது?"

"நைட்ரஜன் அண்ணி. எல்லா டேங்குக்கும் விட்டாச்சு."

"நாலுக்குமா?"

"நாலுக்கும்தான்."

"யாரு திறந்தது?"

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அறிவிருக்கா உனக்கு? மருந்து எதை வச்சுடா வேலை செய்யுது?"

"காத்தை வச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. 

அப்போதே ஓடிப்போய் மூடியிருக்கலாம். மூடவில்லை. ஆணை எழுத்தில் இருக்கிறது, எழுத்தில்லாமல் மூடினால் வேலை போய்விடும் என்று பயந்தேன். "மேனேஜர்கிட்ட பேசுங்க அண்ணி" என்று சொன்னேன். கோழை.

மேனேஜர் அறையில் சேஃப்டி ஆபீசரும் இருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"என்னம்மா, மறுபடியும் தேதியா?" என்று மேனேஜர் சிரித்தார்.

"தேதி வர்றதுக்குள்ள நிறுத்துங்கன்னு சொல்ல வந்திருக்கேன் சார். நாலாம் டேங்குக்கு நைட்ரஜன் ஆகாது."

"லீவுக்கு முந்தி நீங்க எழுதின ரிப்போர்ட் இது. மருந்து சரியான அளவுல இருக்குன்னு உங்க கையெழுத்தோட இருக்கே?"

"மருந்து இருக்கு சார். அது வேலை செய்யக் காத்து இல்ல. வீட்ல அரிசி மட்டும் இருந்தா வயிறு நிறையுமா, அடுப்பு வேண்டாமா?"

"கன்ட்ரோல் ரூம்ல இருபத்தோரு டிகிரி காட்டுது. என் கையில இருக்கிற டீயே இதைவிடச் சூடும்மா."

சேஃப்டி ஆபீசர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "மேடம், காத்து இருந்தா தீப்பிடிக்கும். இது ஸ்கூல் பாடம்."

"அந்த ஸ்கூல்ல இந்த ஆசிட்டை வச்சிருந்தாங்களா சார்?" என்றார் அண்ணி.

ஹெட் ஆபீஸுக்கு எழுதுகிறேன் என்று மேனேஜர் சொன்னார். வெளியே வாயைத் திறந்தால், பீதி கிளப்பியதாக நடவடிக்கை வரும் என்றும் சொன்னார். அண்ணி தானே மூன்று மனு எழுதினார். மூன்றும் செவிடன் காதில் ஊதிய சங்கு.

மூடி பூட்டியிருந்ததால் குவளையை இறக்க முடியவில்லை. அண்ணி ஜன்னல் கண்ணாடியை ஒட்டும் புட்டி மாவை வாங்கி வந்தார். டேங்கின் வெளிச்சுவரில் மூன்று உயரத்தில் மூன்று தெர்மாமீட்டரைப் புட்டி வைத்து ஒட்டி, மேலே பஞ்சு வைத்து மூடினார். தினம் ஆறு மணிக்கு ஏறிப் பார்ப்பார். கன்ட்ரோல் ரூம் இருபத்தொன்றிலேயே நின்றது. மேல் தெர்மாமீட்டர் முதல் நாள் இருபத்து நாலு காட்டியது. ஒரு டிகிரி ஏற ஒன்பது நாள் ஆயிற்று. அடுத்த டிகிரிக்கு ஆறு நாள். அதற்கடுத்த டிகிரிக்கு நாலே நாள்.

நாலு நாள் முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டுத் தாளை விரித்தார்.

"இருபத்தேழு டிகிரிதானே?" என்றார் அண்ணன்.

"டிகிரியப் பாக்காதீங்க, நாளைப் பாருங்க. ஒன்பது, ஆறு, நாலு. ஒவ்வொரு தடவையும் மூணுல ஒரு பங்கு குறையுது. அடுத்த டிகிரி மூணு நாள்கூடத் தாங்காது. அதுக்கடுத்தது ரெண்டு நாள்கூட ஆகாது. அப்புறம் மணிக்கணக்கு. மிச்சம் இருக்கிறதையெல்லாம் கூட்டிப் பாத்துட்டேன், மொத்தமே எட்டு நாள்தான். எட்டாம் நாளுக்கப்புறம் அந்த டேங்குக்கு நாளே கிடையாது."

அண்ணன் மகளைப் பார்த்தார். அவள் காய்ச்சலில் இளைத்த கையால் படம் வரைந்துகொண்டிருந்தாள். மறுநாளே அவளை என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். உடம்பு தேறட்டும் என்று சாக்கு. பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிடலாமா என்று நான் கேட்டேன்.

"சொன்னா சிரிப்பாங்க. போன தடவை பட்டது போதும்" என்றார் அண்ணி.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் எனக்கு நரகம்தான். காலையில் தெர்மாமீட்டர், பகலில் மேனேஜர் அறை வாசல். மதிலுக்கு அந்தப்புறம் மற்ற பதிமூணு வீட்டுப் பிள்ளைகளும் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். பந்து சில சமயம் மதிலைத் தாண்டி டேங்கின் காலடியில் விழும், நான் எடுத்துத் திருப்பிப் போடுவேன். அப்படிப் போடும்போதெல்லாம் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கும். யாரை என்றுதான் தெரியாது.

ஆறாம் நாள் மதியம் ஹெட் ஆபீஸ் பதில் வந்தது. விபத்தில்லாத ஆயிரமாவது நாள் விழா நடக்கவிருப்பதால், விழா முடிந்ததும் நாலாம் டேங்க் விஷயம் ஆராயப்படும். விழா பத்தாம் நாள். அண்ணி அதை இரண்டு முறை படித்தார். படித்துவிட்டு லேப் அலமாரியிலிருந்து ரம்பத்தை எடுத்தார், குழாய் அறுக்கிற சின்ன ரம்பம்.

மணி இரண்டு. ஷிப்ட் மாறுகிற நேரம், ஆட்கள் எல்லாம் கேட் பக்கம் போயிருந்தார்கள்.

"முப்பது காட்டுது. இன்னும் தீப்பிடிக்கிற ஆவி விடுற சூடு வரலை. இப்பவே காத்து விட்டா விட்டதுதான். நாளன்னைக்கு விட முடியாது. நீ வர்றியா, இல்ல நான் மட்டும் போகவா?" என்றார்.

போனேன். நான் திறந்த வால்வை நானே மூடினேன். அண்ணி மேலே ஏறிப் பூட்டை அறுத்தார். "மூடிகிட்ட மூஞ்சியக் கொண்டு வராதே. உள்ளேருந்து வர்றது வெறும் நைட்ரஜன், ரெண்டு மூச்சு இழுத்தா ஆள் காலி" என்று என்னை விலக்கி, காற்று அடிக்கும் திசை பார்த்து நின்றுகொண்டு திறந்தார். கீழே சோதனைக்குச் சரக்கு எடுக்கிற குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டி, கம்ப்ரஸர் காற்றை மெல்ல விட்டேன். உள்ளே குமிழிகள் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. சுவரில் காதை வைத்துக் கேட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சத்தம் நான் கேட்டதில்லை. கரைத்து வைத்திருந்த மருந்தையும் அண்ணி மேலேயிருந்து ஊற்றினார்.

பத்து நிமிடத்தில் சேஃப்டி ஆபீசர் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம்! என்ன காரியம் பண்றீங்க? இறங்குங்க!"

அண்ணி இரும்புப் படியில், அவர் ஏற முடியாதபடி நட்டநடுவில் உட்கார்ந்தார். ரம்பமும், நான் கழற்றிக் கொடுத்த குழாய் வால்வின் கைப்பிடியும் மடியில் இருந்தன. என்னைப் பார்த்து, "நீ கேட்டுக்குப் போ. உனக்கு ஷிப்ட் முடிஞ்சு போச்சு, நீ இங்க வரவே இல்ல" என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். ஆபீசர் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் டேங்கின் மறைவில் நின்ற என்னைக் கவனிக்கவில்லை. நான் போனேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"போலீஸக் கூப்பிடுங்க சார், வரட்டும்" என்று அண்ணி சொன்னது எனக்குப் பின்னால் கேட்டது. "அவங்க வர்ற வரைக்கும் காத்து போகட்டும்."

அந்தப் படியில் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். விழா நேரத்தில் போலீஸ் வேண்டாம் என்று மேனேஜர் கூப்பிடாமல் விட்டதால் டேங்குக்கு அந்த நாலரை மணி நேரம் கிடைத்தது. மறுநாள் மேல் தெர்மாமீட்டர் முப்பதிலேயே நின்றது. எட்டாம் நாள் இருபத்தொன்பது. பூட்டை அறுத்த அமளியில் நைட்ரஜன் குழாயும் 'விசாரணை முடியும் வரை' என்று சீல் வைக்கப்பட்டிருந்தது. எட்டாம் நாள் போனது, ஒன்பதாம் நாள் போனது, பத்தாம் நாள் விழா நடந்தது. பலகையில் ஆயிரம் என்று எழுதிக் கைதட்டினார்கள். கேன்டீனில் பழைய பாட்டையே பாடினார்கள். "தேதியக்காவுக்கு ரெண்டாவது தேதியும் போச்சு!"

அந்த விசாரணைக்கு நானும் சாட்சியாக நின்றேன். மேனேஜர், சேஃப்டி ஆபீசர், ஹெட் ஆபீஸிலிருந்து வந்த ஒரு பெரியவர், மூன்று பேரும் மேஜைக்கு அந்தப்புறம் இருந்தார்கள்.

"வால்வை மூடினது யாரு?" என்று பெரியவர் கேட்டார்.

"நான்தான்" என்றார் அண்ணி.

"ஹோஸை மாட்டினது?"

"அதுவும் நான்தான். டேங்க் ஆபரேட்டருக்கு இது தெரியாது."

அந்த மொத்த விசாரணையிலும் அண்ணி சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை மட்டும் அவர்கள் உடனே நம்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மேனேஜர் குரலைத் தணித்தார். "இத்தனை வருஷ சர்வீஸைப் பாக்குறோம்மா. என் கணக்கு தப்பு, டேங்குல ஆபத்து எதுவும் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எச்சரிக்கையோட விட்டுடறோம். வேலையும் இருக்கும், வீடும் இருக்கும்."

யோசிக்க ஒருநாள் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் வேன் சாவியைக்கூடக் கீழே வைக்காமல் கெஞ்சினார்.

"ஒரு கையெழுத்துதானேம்மா. அவங்களுக்கு நீ தப்பு, நமக்கு நீ சரி. டேங்க் பொழைச்சாச்சு, நாமளும் பொழைக்க வேண்டாமா?"

"ஏங்க, புரிஞ்சுதான் பேசுறீங்களா? என் கணக்கு தப்புன்னு நானே எழுதிக் குடுத்தா, அடுத்த நாள் அந்தக் குழாயத் திறக்கிறதுக்கு என்ன தடை? என் கையெழுத்தை வச்சே திறப்பாங்க. நான் போடாத வரைக்கும் அந்த சேஃப்டி ஆபீசருக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கும். அந்தப் பயம்தான் இப்ப மருந்து."

"வீடு போயிடும்."

"வீடு போகட்டும். வீட்டோட நாம போக வேண்டாம்."

அண்ணன் கோபப்பட்டதை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். சாவியைத் தூக்கி எறிந்தார், அது கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து அவரே குனிந்து தேடி எடுத்தார். மறுநாள் அண்ணி கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் வேலை போனது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு மாதம் கெடு.

அந்த வீடு யாருக்கு ஒதுக்கப்பட்டது தெரியுமா? வீட்டுக்காக வரிசையில் முதலில் காத்திருந்த சேஃப்டி ஆபீசருக்கு. டவுனில் ஓர் ஒற்றை அறையில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருந்தார். சாமான்களை வேனில் ஏற்றிய அன்று வீட்டைப் பார்த்துச் சாவி வாங்கிக்கொள்ள வந்தார். அண்ணி முகம் சுளிக்காமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இந்தக் குழாயை இடது பக்கம் திருப்ப வேண்டும், இந்தக் கதவு மழைக்கு ஊதிக்கொள்ளும், தூக்கிச் சாத்த வேண்டும். கடைசியாக அடுப்படிக்குப் பின்னால் அழைத்துப் போனார். மதிலும் அதற்கு மேலே டேங்கும் நின்றன.

"உங்களுக்கு என் கணக்குல நம்பிக்கை இல்ல சார். எனக்கு அதுல வருத்தம் இல்ல. ஒண்ணு மட்டும் கேக்கிறேன். நைட்ரஜனைத் திறந்துட்டு, அன்னைக்கே குழந்தையத் தூக்கிட்டுக் குடி வாங்க. தொட்டில் கட்டுறதுக்கு இந்த அடுப்படிக் கொக்கிதான் வசதி" என்று சொல்லிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் சிரிக்க முயன்றார். "அதுக்கென்ன மேடம், அடுத்த வாரமே வந்துடறோம்" என்றார்.

அடுத்த வாரம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. வெள்ளையடிக்க வேண்டும் என்றார், வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். மனைவிக்கு வீடு பிடிக்கவில்லை என்றார். குழந்தைக்கு ஆசிட் நெடி ஒத்துக்கொள்ளாது என்றார். விசாரணை முடிந்து நைட்ரஜன் குழாயின் சீலை எடுத்துவிட்டார்கள். திறக்கச் சொல்லும் பழைய ஆணை அப்படியே அமலில் இருந்தது. நான் மாதாமாதம் போய், "சார், நாலாம் டேங்குக்கு நைட்ரஜனைத் திறந்துடட்டுமா?" என்று கேட்பேன். நிமிர்ந்து பார்க்காமல், "இருக்கட்டும், பாக்கலாம்" என்பார். வேண்டாம் என்று எழுதித் தரவும் மாட்டார். நாளைக்கு அவருக்கு மாற்றல் வந்தால், புதிதாக வருகிறவர் ஆணையைப் பார்ப்பார், திறக்கச் சொல்வார். கோப்பில் அண்ணியின் கணக்கு தவறு என்றுதானே இருக்கிறது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தெரிந்துவிட்டது அந்த மனிதருக்கு. தெரிந்ததை எழுதத்தான் கை வரவில்லை.

பதினோரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னேன். அவர் டவுனில் ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நகக்கண்ணில் எல்லாம் நீலம். ஜெயித்துவிட்டீர்கள் அண்ணி என்று சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் ரத்தமாகச் சிவந்தது.

"அப்ப அவர் பிள்ளைக்குன்னா மட்டும் என் கணக்கு சரியாப் போச்சு. பக்கத்துல பதிமூணு வீடு இருக்கே, அவங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்ல பிள்ளைங்க தூங்குதுங்க. அவங்களுக்குத் தெரியுமா அந்த வீடு ஏன் பூட்டிக் கிடக்குதுன்னு?"

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். மகள் மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தார். 

"அவரை மட்டும் திட்டி என்ன பண்றது?" என்றார். "நான் மட்டும் என்ன செஞ்சேன்? என் பொண்ணை முதல்ல அனுப்பினேன். பதிமூணு வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லலை. சிரிப்பாங்களாம். சிரிச்சா என்ன, செத்தா போயிடுவேன்?"

எழுந்து செருப்பை மாட்டினார். கட்டம் போட்ட தாள்களைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணன் ஒன்றும் கேட்காமல் வேனை எடுத்தார். நான் பின்னாலேயே ஏறினேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் வேன் நின்றபோது மதியம் மூன்று மணி. பூட்டிய வீட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கதவுக்கு முன்னால் அண்ணி ஒரு நிமிடம் தயங்கினார். கதவைத் தட்டியது நான். உள்ளேயிருந்து என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து திறந்தார். அண்ணியைப் பார்த்ததும், "அட, தேதியக்கா! அடுத்த தேதியா?" என்று சிரித்தார்.

"சிரிக்கிறத அப்புறம் வச்சுக்கலாம்ணே" என்றேன். "நாலாம் டேங்க் வால்வை மூடினது இவங்க இல்ல. நான்தான் மூடினேன். ஏன் மூடினேன்னு சொல்றேன், உள்ள வரலாமா?"